விரையில் தோன்றும் நிணநீர்ப் புற்று

உடம்பில் தோன்றும் நோய்களுள் சிலவற்றைப் பற்றி நாம் தாராளமாகப் பேசுகிறோம். கண் மங்கினால் வீட்டார் அனைவரும் அறிவர். பல் வலித்தால் அடுத்த வீட்டாரும் அறிவர். ஆனால் ஆடையின் மறைவில் உள்ள உறுப்பொன்றில் வீக்கம் கண்டால் அதை மனைவியிடமும் சொல்லத் தயங்கும் ஆடவர் நம்மிடையே மிகப் பலர். அறுபதைக் கடந்த பெரியவராயின் அத்தயக்கம் இருமடங்காகிறது. ‘இந்த வயதில் இதைப் போய் யாரிடம் காட்டுவது?’ என்ற எண்ணத்திலேயே மாதங்கள் கழிகின்றன. அந்த வீக்கத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. வலி இல்லாததே அதை ஒத்திப்போடக் காரணமாகிவிடுகிறது. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய வீக்கங்களுள் ஒன்றைப் பற்றியது. விரையிலேயே முதன்முதலாகத் தோன்றும் நிணநீர்ப் புற்றைப் பற்றியது. அதன் வகைகள் யாவை, அவற்றை ஏன் பாகுபடுத்துகின்றனர், நோயுற்றவரின் கதி முன்பு எவ்வாறு இருந்தது, இன்று எவ்வாறு மாறியிருக்கிறது என்பனவற்றை முறையாகக் காண்போம்.

முதலில் நிணநீர் என்பது யாது? நம் உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே மற்றொரு குழாய் வலையும் உண்டு. திசுக்களினின்று வடியும் தெளிந்த நீரை அது சேகரித்து மீண்டும் இரத்தத்தில் கொண்டு சேர்க்கிறது. அந்நீரே நிணநீர். அது செல்லும் வழியில் கழுத்து, அக்குள், கவட்டை, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் அவரை விதையளவுள்ள சிறு கணுக்கள் காவல் நிலையங்களைப் போல அமைந்துள்ளன. அவற்றில் தங்கிக் காவல் புரிபவை லிம்போசைட்டு எனப்படும் ஒருவகை வெள்ளணுக்கள். இவற்றுள் பி அணு, டி அணு என இரு பெரும் குலங்கள் உண்டு. பி அணுக்கள் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. டி அணுக்கள் பகையணுக்களை நேரில் அழிக்கின்றன. மற்றக் காவலர்களை ஏவவும் செய்கின்றன.

காவலரே கட்டுக்கடங்காமல் பெருகிக் குடிகளை ஒடுக்கத் தலைப்பட்டால் நாடு என்னாகும்? அந்நிலையே லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்று. 1832-ஆம் ஆண்டில் இலண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் மருத்துவர் நிணநீர்க் கணுக்கள் பெருத்து மாண்டவர் சிலரின் நிலையை விவரித்தார். அவ்வகை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதனைச் சேராத ஏனைய நிணநீர்ப் புற்றுக்கள் அனைத்தும் ‘ஹாட்ஜ்கின் அல்லாதவை’ என ஒரு தொகுதியாயின. நாம் பேசும் நோய் இரண்டாம் தொகுதியைச் சேர்ந்தது. அத்தொகுதியில் நூற்றுக்கு ஒன்றிரண்டே விரையில் தொடங்குகின்றன. எனவே இஃது அரிய நோய் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் கணக்கை வேறு முனையிலிருந்து பார்ப்போம். விரையில் உண்டாகும் புற்றுக்களுள் பெரும்பாலானவை இளைஞர்களைத் தாக்குபவை. விந்தணுவுக்கு மூலமான உயிரணுக்களிலிருந்து எழும் அக்கட்டிகளுள் செமினோமா என்பது முக்கியமானது. அவை பெரிதும் இருபது முதல் நாற்பது வரையிலான வயதில் தோன்றுகின்றன. அறுபதைத் தாண்டிய ஆடவரிடையே நிலைமை தலைகீழாகிறது. அவ்வயதில் விரையில் காணும் புற்றுக்களுள் முதலிடம் பெறுவது நிணநீர்ப் புற்றே. நோயாளிகளின் இடைநிலை வயது அறுபத்தைந்தை ஒட்டியது. மேலும், இரு விரைகளையும் பற்றும் புற்றுக்களுள் இதுவே தலையாயது. சிலருக்கு இரண்டும் ஒருங்கே வீங்கும். வேறு சிலருக்கு ஒன்றை நீக்கிப் பல ஆண்டுகள் சென்றபின் மற்றது வீங்கும். பாரிஸ் நகரின் மலாசே என்பவர் 1877-லேயே இந்நோயைத் தனியே எடுத்து எழுதியுள்ளார். ஆகவே நோய் புதிதன்று. அதைப் பற்றிய தெளிவே புதிது.

இனி, நோய் எவ்வாறு வெளிப்படுகிறது என்று பார்ப்போம். ஒரு பக்கத்து விரை சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், கெட்டியாகப் பருக்கிறது. தொட்டால் வலிப்பதில்லை, கனம் மட்டும் தெரியும். சிலருக்கு அதைச் சுற்றி நீரும் கோத்துக்கொள்ளும். நம் நாட்டில் இங்கேதான் ஓர் இடர் உண்டு. யானைக்கால் நோய் பரவியிருந்த கடற்கரைப் பகுதிகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் விரைப்பையில் நீர் கோப்பது பலரும் கண்டு பழகிய நோய். ஆதலின் வீக்கம் எதுவாயினும் ‘ஓதம்’ என்று பெயரிட்டுவிட்டு, இறுக்கமான கோவணத்தோடு காலம் தள்ளும் வழக்கம் உண்டு. நீர் கோத்த பைக்குள் கெட்டியான விரை மறைந்திருக்கக்கூடும் என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

வேறுபாட்டை அறிய இன்று கடினமான முறை எதுவும் வேண்டியதில்லை. காதுக்கு எட்டாத ஒலி அலைகளைச் செலுத்திப் படம் எடுக்கும் ‘அல்ட்ராசவுண்டு’ சோதனை வலியற்றது. சில நிமிடங்களில் முடிவது. மாவட்டத் தலைநகர்களில் எளிதாகக் கிடைப்பது. நீர் மட்டும் உள்ளதா, விரையே தடித்துள்ளதா என்பதை அது பிரித்துக் காட்டும். விரை தடித்திருந்தால் இரத்தச் சோதனைகளும் செய்வர். இளைஞரின் வித்தணுக் கட்டிகளிற் பலவற்றில் சில குறிப்பொருள்கள் இரத்தத்தில் மிகும். நிணநீர்ப் புற்றில் அவை பொதுவாக மிகுவதில்லை. எனினும் இறுதித் தீர்ப்பு கூறுவது நுண்நோக்கியே.

அதற்குத் திசு வேண்டும். இவ்விடத்தில் ஒரு விதியை வலியுறுத்த விரும்புகிறோம். விரையில் புற்று என்ற ஐயம் எழுந்தபின் விரைப்பையின் தோல் வழியாக ஊசி செலுத்துவதையோ கத்தி வைப்பதையோ அறுவை மருத்துவர்கள் தவிர்ப்பர். விரையின் நிணநீர் வயிற்றின் பின்புறத்தில் பெருந்தமனியை ஒட்டிய கணுக்களுக்குச் செல்கிறது. பையின் தோலிலுள்ள நிணநீரோ கவட்டைக் கணுக்களுக்குச் செல்கிறது. தோலைத் துளைத்தால் ஒரு பாதையில் ஓடும் நோய்க்கு மற்றொரு பாதையையும் நாமே திறந்துவிட்டவராவோம். ஆகையால் கவட்டைப் பகுதியில் கீறி, விரையை அதன் கொடியோடு சேர்த்து வெளியே எடுப்பதே முறை. இவ்வறுவை ஒருங்கே இரு பயன் தருகிறது: நோய் இன்னதென்று நிறுவுகிறது, நோயின் மூலத் திரளையும் நீக்குகிறது. மருந்துகள் எளிதில் புகாத ஓர் உறுப்பில் புற்றை விட்டுவைக்காமல் எடுத்துவிடுவது சிகிச்சையின் முதற்படியும் ஆகிறது.

எடுத்த திசுவைக் கண்டு அதற்குப் பெயர் சூட்டும் வேலை நோய்க்கூற்று மருத்துவருடையது. பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். புற்றுநோயைப் பொறுத்தவரை பெயர்தான் மருந்தைத் தீர்மானிக்கிறது. பெயர் தவறினால் மருந்தும் தவறும். இந்நோயின் பெயர் வரலாறே இதற்குச் சான்று.

முற்காலத்தில் விரையின் நிணநீர்ப் புற்றைச் செமினோமா என்றே மயங்கியதுண்டு. இரண்டிலும் பெரிய உருண்டை அணுக்கள் நெருங்கிக் கிடக்கும்; சாயமிட்ட திசுவை மட்டும் பார்ப்பவர் தடுமாறுவது இயல்பே. பின்னர் நிணநீர்ப் புற்று என்று தெளிந்தபோதும் ‘ரெட்டிகுலம் அணுச் சார்க்கோமா’ என்று அதற்குப் பெயரிட்டனர். 1966-இல் வெளிவந்த ராப்பபோர்ட்டின் பாகுபாட்டில் பெரிய அணுக்களைக் கொண்ட புற்றுக்கள் ‘ஹிஸ்டியோசைட்டு’ வகையாக வைக்கப்பட்டன. ஹிஸ்டியோசைட்டு என்பது கழிவை விழுங்கும் துப்புரவு அணு. உருவத்தில் பெரிதாய் இருந்தமையால் அதன் குலமாயிருக்கும் என்று கருதினர். அணுக்களின் மேற்பரப்பை ஆராயும் முறைகள் வளர்ந்தபின், அவை துப்புரவு அணுக்கள் அல்ல, உருமாறிப் பெருத்த லிம்போசைட்டுகளே என்பது வெளியாயிற்று. பருத்த உடம்பைக் கண்டு ஆளை வேறு குடும்பத்தவர் என்று எண்ணியது போன்ற பிழை அது.

1974-இல் இரு புதிய பாகுபாடுகள் தோன்றின. ஜெர்மனியின் கீல் நகரில் லென்னர்ட்டும், அமெரிக்காவில் லூக்ஸ், காலின்ஸ் ஆகிய இருவரும், பி, டி என்னும் குலப் பிரிவை அடிப்படையாகக் கொண்டு புற்றுக்களை வரிசைப்படுத்தினர். ஆனால் நாட்டுக்கொரு பாகுபாடும் மருத்துவமனைக்கொரு பெயரும் வழங்கியமையால் ஒருவர் கண்ட பலனை மற்றொருவர் ஒப்பிட இயலவில்லை. 1982-இல் அமெரிக்காவில் ஒரு ‘நடைமுறைத் திட்டம்’ வகுக்கப்பட்டது. குலத்தை அது கணக்கில் கொள்ளாது, நோயாளியின் ஆயுள் எவ்வளவு என்பதைக் கொண்டு கீழ்த்தரம், இடைத்தரம், மேல்தரம் எனப் பிரித்தது. 1994-இல் ஐரோப்பிய, அமெரிக்க நோய்க்கூற்று மருத்துவர்கள் ஒருங்கு கூடி, அணுவின் உருவம், மேற்பரப்புக் குறிகள், மரபுக்கூறுகள், நோயின் போக்கு ஆகிய நான்கையும் இணைத்துப் பாகுபடுத்தினர். அதன் வழியே உலகச் சுகாதார நிறுவனம் 2001-இல் ஒரு பொதுப் பாகுபாட்டை வெளியிட்டது. அன்று முதல் உலகெங்கும் மருத்துவர்கள் ஒரே மொழியில் பேச வாய்ப்பு ஏற்பட்டது.

இப்பொது மொழியில் விரையின் நிணநீர்ப் புற்றுக்கள் எவ்வாறு அமைகின்றன? நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு வரை ‘பரவிய பெரும் பி அணுப் புற்று’ என்னும் வகையைச் சேர்ந்தவை. முதியோரிடம் காணப்படுவது பெரும்பாலும் இதுவே. எஞ்சிய சிலவற்றின் இயல்பு முற்றிலும் வேறு. ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் பணிபுரிந்த டெனிஸ் பர்க்கிட் 1958-இல் விவரித்த, அவர் பெயராலேயே வழங்கும் புற்று, மிக விரைந்து வளர்வது, குழந்தைகளிடத்தும், எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவரிடத்தும் விரையைத் தாக்கக்கூடும். எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புள்ள ஒரு வகை மூக்கில் தோன்றி விரைக்கும் பரவுவதுண்டு. அதன் போக்குக் கொடியது. இவற்றுக்கு மாறாக, சிறுவர்களின் விரையில் அரிதாகத் தோன்றும் ‘கணுவுரு’ வகை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதன் முடிவும் மிக நல்லதாகவே இருக்கிறது. குழந்தைகளின் கடும் இரத்தப் புற்று மருந்தால் தணிந்தபின் விரையில் மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. ஒரே உறுப்பு, ஒரே வீக்கம். ஆனால் ஒன்றுக்கு மென்மையான சிகிச்சை போதும், மற்றொன்றுக்குக் கடுமையான சிகிச்சையும் போதாமற் போகலாம். பெயரின் அவசியம் இப்போது விளங்குமன்றோ?

மற்றொரு பிரிவையும் மனத்திற் கொள்ள வேண்டும். விரையிலேயே பிறந்த புற்று வேறு. உடலெங்கும் பரவிய புற்று விரையையும் பற்றியிருப்பது வேறு. இதை அறிய மார்பு, வயிறு, எலும்புச் சோறு, முதுகுத்தண்டு நீர் ஆகியவற்றையும், தேவைப்படின் மூளையையும் ஆராய்கின்றனர். 1971-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் வகுத்த முறைப்படி நோயை நான்கு கட்டங்களாகப் பிரிப்பர். விரையில் மட்டும் இருந்தால் முதற் கட்டம். அருகிலுள்ள வயிற்றுக் கணுக்களையும் பற்றினால் இரண்டாம் கட்டம். தொலைவுக்குப் பரவினால் மூன்றாம், நான்காம் கட்டங்கள். விரையில் பிறந்த புற்றுக்களுள் பெரும்பான்மை முதல் இரு கட்டங்களிலேயே கண்டறியப்படுகின்றன.

அவ்வாறாயின் முடிவும் நன்றாக இருக்க வேண்டுமே! பல்லாண்டுக் காலம் மருத்துவரைத் திகைக்க வைத்த புதிர் இதுதான். நோய் ஒரே உறுப்பில்தான் இருந்தது. அவ்வுறுப்பு முழுதாக நீக்கப்பட்டது. ஆயினும் அறுவை மட்டும் செய்துகொண்டவர்களுள் மிகப் பலருக்கு இரண்டாண்டுக்குள் நோய் திரும்பியது. அதிலும் வியப்பு யாதெனில், அது திரும்பிய இடங்கள். சாதாரணமாக நிணநீர்ப் புற்று கணுக்களிலேயே மீளும். இதுவோ மற்ற விரையிலும், மூளையிலும், தோலிலும், நுரையீரலிலும் தோன்றியது. ஐந்தாண்டு, பத்தாண்டு கடந்து, நோய் நீங்கிற்று என்று நிம்மதி கொண்டிருந்தவரிடமும் தோன்றியது.

பல நாடுகளின் மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து 373 நோயாளிகளின் பழைய பதிவுகளைத் தொகுத்து 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வுண்மையை எண்களால் நிறுவியது. அவர்களுள் பாதிப்பேர் வாழ்ந்த காலம் ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவு. ஐந்தாம் ஆண்டில் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 48. பத்தாம் ஆண்டில் 27. மற்ற விரைக்குக் கதிர்வீச்சுக் கொடாதவரிடையே, அவ்விரையில் நோய் தோன்றியது மூன்றாண்டில் நூற்றுக்கு 15 பேருக்கு. பதினைந்து ஆண்டில் 42 பேருக்கு. நோய் தொடங்கிப் பத்தாண்டு வரையிலும் மூளை, தண்டுவடப் பகுதிகளில் அது திரும்பியதையும் அவ்வாராய்ச்சி எடுத்துக்காட்டியது.

மூளைக்கும் விரைக்கும் என்ன உறவு? உடலின் அமைப்பில் இரண்டும் எட்டாத் தொலைவில் உள்ளன. ஆயினும் ஒரு வகையில் இரண்டும் ஒன்றே: இரண்டும் மதில் சூழ்ந்த ஊர்கள். மூளையின் நுண்குழாய்களைச் சுற்றி இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு. விரையிலும் அத்தகைய தடுப்பு உண்டு. விரையில் அது ஏன் வேண்டும்? குழந்தைப் பருவத்திலேயே நம் காவலணுக்கள் ‘இது தன்னது, இது அயலது’ என்று பாடம் கற்றுவிடுகின்றன. விந்தணுவோ பூப்பெய்தியபின் புதிதாகத் தோன்றுவது. காவலர் அதனை அயலான் என்று தாக்கிவிடாதபடி இயற்கை அதைச் சுற்றி மதில் எழுப்பியுள்ளது; உள்ளே காவலும் தளர்த்தப்பட்டுள்ளது. இனத்தைக் காக்க எழுப்பிய அம்மதிலே புற்றணுவுக்கு மறைவிடமாகிறது. காவலர் அங்கே உலவுவதில்லை. இரத்தத்தில் செலுத்திய மருந்துகளிற் பலவும் அங்கே தக்க அளவில் புகுவதில்லை.

அண்மைக் கால மரபணு ஆராய்ச்சி இவ்வுறவை மேலும் தெளிவாக்கியது. விரையில் தோன்றும் பெரும் பி அணுப் புற்றுக்களிற் பெரும்பாலானவற்றில் எம்.ஒய்.டி. 88 என்னும் மரபணுவில் ஒரே எழுத்து மாறியிருக்கிறது, சி.டி. 79-பி என்னும் மரபணுவிலும் பலவற்றில் மாற்றம் காணப்படுகிறது. இவ்விரண்டும் ‘பெருகு, பெருகு’ என்று அணுவுக்கு இடையறாது கட்டளையிடுகின்றன. மேலும் இப்புற்றணுக்கள் தம் மேற்பரப்பிலுள்ள அடையாளக் கொடிகளைக் களைந்துவிட்டுக் காவலர் கண்ணில் படாமல் தப்புகின்றன. மூளையில் பிறக்கும் நிணநீர்ப் புற்றிலும் கண்ணின் உட்பகுதியில் பிறக்கும் நிணநீர்ப் புற்றிலும் இதே மாற்றங்கள் உள்ளன. ஆகவே 2022-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு, மூளை, கண், விரை ஆகிய மூன்றிடத்துப் புற்றுக்களையும் ‘காவல் விலக்குப் பெற்ற இடங்களின் பெரும் பி அணுப் புற்றுக்கள்’ என ஒரு குடும்பமாக்கியது. அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு சர்வதேசப் பாகுபாடு, விரையில் தோன்றுவதைத் தனி நோயாகவே பெயரிட்டு வைத்தது. வழி வேறாயினும், ‘சாதாரண நிணநீர்ப் புற்று விரையில் வந்திருக்கிறது’ என்று இதனைக் கருதலாகாது என்பதில் இரண்டும் ஒத்துள்ளன.

பாகுபாடு தெளிந்ததும் சிகிச்சையும் தெளிந்தது. மதிலுக்கு வெளியே ஒரு போர், மதிலுக்குள்ளே இரு போர் என மும்முனையில் தாக்குவது இன்றைய முறை.

முதல் முனை உடலெங்கும் செல்லும் மருந்துக் கூட்டு. சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோன் ஆகிய நான்கும் ரிடக்சிமாப் என்னும் எதிர்ப்பொருளும் சேர்ந்தது அது. இவற்றுள் வின்கிரிஸ்டின் நமக்கு அயலானதன்று. நம் வீட்டு முற்றங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பூத்துக் குலுங்கும் நித்தியகல்யாணிச் செடியினின்று பிரித்தெடுக்கப்பட்டு, 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் அச்செடி மருந்துக்காகவே பயிரிடப்பட்டு வந்துள்ளது. ரிடக்சிமாப், பி அணுவின் மேலுள்ள சி.டி. 20 என்னும் குறியைக் கண்டு பற்றும் எதிர்ப்பொருள். 1997-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விலை எளியோர்க்கு எட்டாதிருந்தது. 2007-இல் ஐதராபாத் நிறுவனமொன்று அதற்கு நிகரான மருந்தை நம் நாட்டிலேயே ஆக்கி வெளியிட்டது. பின்னர்ப் பிற நிறுவனங்களும் முன்வந்தன. இம்மருந்தைத் தொடங்குமுன் கல்லீரலைத் தாக்கும் ‘பி’ வகை வைரஸ் உடலில் உறங்குகிறதா என்று சோதிப்பது இன்றியமையாதது. உறங்கும் வைரஸை இம்மருந்து எழுப்பிவிடக்கூடும்.

இரண்டாம் முனை மற்ற விரை. பார்வைக்கு நலமாயிருப்பினும் அதற்குக் கதிர்வீச்சுக் கொடுக்கின்றனர். அளவு 25 முதல் 30 கிரே. மூன்றாம் முனை மூளை. அதற்கு மெதோட்ரெக்சேட் என்னும் மருந்தை முதுகுத்தண்டு நீரில் ஊசி வழியே செலுத்துவர். அல்லது மதிலைக் கடக்குமளவு மிகுதியாக இரத்தத்தில் செலுத்துவர். இம்மருந்தின் குடிவழியில் ஓர் இந்தியரின் பெயர் உண்டு. பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்று ஆராய்ச்சி நடத்திய எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவே இதன் முன்னோடியான அமினோப்டெரினை ஆக்கியளித்தது. அதைக் கொண்டு குழந்தைகளின் இரத்தப் புற்றைத் தற்காலிகமாகத் தணிக்க முடிந்ததை பாஸ்டன் நகரின் சிட்னி பார்பர் 1948-இல் உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார்.

மும்முனைத் தாக்குதலின் பலன் யாது? முதல் இரு கட்டங்களில் இருந்த 53 நோயாளிகளுக்கு இம்முறையில் சிகிச்சை அளித்துச் சர்வதேசக் குழுவொன்று 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, ஐந்தாண்டில் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 85. மற்ற விரையில் நோய் ஒருவருக்கும் திரும்பவில்லை. மூளை, தண்டுவடப் பகுதியில் திரும்பியது நூற்றுக்கு ஆறு பேருக்கே. அதே குழு மூளைக்கான காப்பை மேலும் வலுப்படுத்தி, 54 பேரைக் கொண்டு நடத்திய அடுத்த ஆராய்ச்சி 2024-இல் வெளிவந்தது. அதில் ஐந்தாண்டில் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 92. மூளையில் நோய் ஒருவருக்கும் திரும்பவில்லை.

இவ்வெண்களை 2003-ஆம் ஆண்டின் எண்களுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் மனம் மகிழ்கிறது. எனினும் எண்களை நிதானத்தோடு படிப்பதே முறை. பழைய தொகுப்பில் எல்லாக் கட்டத்தினரும் இருந்தனர். பல்வேறு சிகிச்சை பெற்றவரும், சிகிச்சையைத் தாங்க இயலாத முதியோரும் இருந்தனர். புதிய ஆராய்ச்சிகளில் இருந்தோர் தொடக்கக் கட்டத்தினர். கடும் மருந்தைத் தாங்கும் உடல்நிலை உடையோர். எண்ணிக்கையும் சிறிது. ஆகவே வேறுபாடு முழுவதையும் சிகிச்சையின் வெற்றி என்று கூறிவிட இயலாது. பெரும்பகுதியை அவ்வாறு கூறலாம். சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு மெதோட்ரெக்சேட்டை மிகுதியாகக் கொடுத்தல் ஆகாது. இருதயம் தளர்ந்தவர்க்கு டாக்ஸோரூபிசின் ஆகாது. எண்பது வயதினர்க்கு எவ்வளவு கொடுப்பது, எதை விடுப்பது என்பது மருத்துவர் ஒவ்வொருவரையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியதாகும்.

நோய் திரும்பிவிட்டால் வழி குறுகுகிறது என்பதை மறைத்துப் பயனில்லை. ஆயினும் அடைந்துவிடவில்லை. பி அணுவுக்குள் ஓடும் கட்டளையை இடையில் தடுக்கும் மாத்திரைகள் ஆராயப்பட்டு வருகின்றன. நோயாளியின் சொந்த டி அணுக்களையே வெளியே எடுத்து, புற்றணுவை இனங்காணப் பயிற்றி மீண்டும் உட்செலுத்தும் முறையும் வந்துள்ளது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய அத்தகைய சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி வழங்கப்பட்டது.

சிகிச்சையின் விலையைப் பணத்தால் மட்டும் அளக்க இயலாது. ஒரு விரையை நீக்கி மற்றதற்குக் கதிர்வீச்சுக் கொடுத்தபின் மகப்பேற்றுக்கு வாய்ப்பு இராது. இளவயதினராயின் சிகிச்சைக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிக் கேட்டறிய வேண்டும். ஆண் ஹார்மோனும் குறையக்கூடும். அதனால் சோர்வு, எலும்பு மெலிவு, மனத் தளர்ச்சி, இல்லற நாட்டக் குறைவு ஆகியவை நேரலாம். இவை முதுமையின் இயல்பு என்று ஒதுக்கத்தக்கன அல்ல. இரத்தத்தில் ஹார்மோனை அளந்து, தேவையாயின் மருந்தாக ஈடுசெய்ய இயலும். இதைக் கேட்கக் கூசுபவர் பலர். மருத்துவர் தாமாகவே எடுத்துப் பேசினால் அக்கூச்சம் பாதி நீங்கும். மனைவியும் உடனிருந்து கேட்டால் மறுபாதியும் நீங்கும்.

சிகிச்சை முடிந்தோர் ஒன்றை மறத்தல் ஆகாது. இந்நோய் பத்தாண்டு சென்றும் திரும்பிய வரலாறு உடையது. ஆகவே நலமாக இருக்கிறோம் என்று சோதனைகளை நிறுத்திவிடலாகாது. புதிதாக எழும் தலைவலி, பேச்சுத் தடுமாற்றம், கைகால் தளர்ச்சி, குணத்தில் திடீர் மாறுதல், பார்வையில் புகைமூட்டம் ஆகியவற்றை வயதின் கோளாறு என்று கொள்ளாமல், பழைய நோயின் விவரத்தோடு மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். குடும்பத்தாரும் இதை அறிந்திருத்தல் நலம். ஏனெனில் குணமாற்றத்தை முதலில் உணர்பவர் அவர்களே.

அறுவைக்குப் பின் திசு அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும், அதில் புற்று என்று மட்டும் இன்றி இன்ன வகைப் புற்று என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டறிவதும் நோயாளியின் உரிமை. ஐயமிருப்பின் அதே திசுவை இரண்டாம் முறை வேறிடத்தில் ஆராயச் செய்யலாம். நூறாண்டுக்கும் மேலாகப் பல நாட்டு அறிஞர் பெயரைத் திருத்தித் திருத்தி அடைந்த தெளிவு, ஒரு நோயாளியின் கையிலுள்ள தாளில் வந்து சேர்ந்தால்தான் அதற்குப் பயன்.

இந்நோய் அரியது என்று தொடக்கத்தில் கூறினோம். விரையில் வீக்கம் கண்ட பெரியவர்களிற் பெரும்பாலோர்க்கு இந்நோய் இராது. நீர்க்கோவையாகவோ, குடலிறக்கமாகவோ, கிருமியால் வந்த அழற்சியாகவோ இருக்கும். அவர்களும் காட்டிக்கொள்வதால் இழப்பது ஒன்றுமில்லை. எஞ்சிய ஒரு சிலர்க்கோ, முதற் கட்டத்தில் காட்டுவதற்கும் பரவியபின் காட்டுவதற்கும் இடையே நிற்பது உயிர். வீட்டிலுள்ள பெரியவர் நடையில் சங்கடம் தெரிந்தாலும், உட்காரும்போது முகம் சுளித்தாலும், மகனோ பேரனோ தனியே அழைத்து மரியாதையோடு ஒரு வார்த்தை கேட்கட்டும். ‘தாத்தா, டாக்டரிடம் போய் வருவோம், நானும் உடன் வருகிறேன்’ என்ற ஒரு சொல்லுக்காகவே பல நாட்களாகக் காத்திருப்போர் உண்டு.